இளப்பத்தின் மொழியும் ஓர் ஆயரின் மறுமொழியும்

அளுத்கம (2014), திகன (2018), மினுவாங்கொடை (2019), ஜனாஸா எரிப்பு (2020–2021). கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நமது சிறுகதைகளும் கவிதைகளும் மிகுதியாகப் பேசியவை இவையே. பேசவேண்டியும் இருந்தது. எரிந்த கடையையும் உடைந்த பள்ளிவாசல் கண்ணாடியையும் கண்டு எழுதாதிருந்த முஸ்லிம் எழுத்தாளன் எவனாயினும் அவனுடைய மௌனமே கேள்விக்குரியது. ஆயினும் இவ்வெழுத்துக்களை ஒருசேர வாசிக்கும்போது ஒரு குறை எனக்குத் தென்படுகின்றது. நம் படைப்புக்களில் நாம் எப்போதும் இளப்பமாகப் பார்க்கப்படுகிறவர்களாகவே வருகிறோம். இளப்பமாகப் பார்க்கிறவர்களாக ஒருபோதும் வருவதில்லை.

இந்தக் குறையை எனக்கு உணர்த்தியது ஒரு முஸ்லிம் நூலன்று. சிங்களவரும் கிறிஸ்தவருமான ஓர் ஆயர், 1983 ஜூலைக் கலவரத்தின் பின்னர் தமது மறைமாவட்ட மன்றத்தின் முன் ஆற்றிய உரையே அதனை உணர்த்தியது. அவ்வுரையை ஓர் இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல் வாசித்துப் பார்ப்பதும், அதிலிருந்து நமது எழுத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லைப் பற்றி. இளப்பம் என்பது நம் வீடுகளில் அன்றாடம் புழங்குவது. "யாரையும் இளப்பமாப் பார்க்காதே" என்று உம்மாமார் சொல்லக் கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். கோபமும் இளப்பமும் ஒன்றல்ல. கோபப்படுகிறவன் எதிரே நிற்பவனை ஓர் ஆளாகக் கணக்கில் எடுக்கிறான். அவனோடு வாதாடுகிறான், அவன் பதிலுக்குக் காத்திருக்கிறான். இளப்பமாகப் பார்க்கிறவனுக்குப் பதில் தேவையில்லை. எதிரே ஆளே இல்லை என்பதுதான் அவனது நிலைப்பாடு. அதனால்தான் அரசியல் மேடையில் ஒலிக்கும் வசைமொழியைவிட, அமைதியான குரலில் சொல்லப்படும் இளப்பம் அபாயமானது என்று நான் கருதுகிறேன்.

அந்த அமைதியான குரலுக்கு நம் நாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. 1983 ஜூலை 11ஆம் திகதி லண்டன் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகையில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் செவ்வி ஒன்று வெளியாயிற்று. யாழ்ப்பாண மக்களின் அபிப்பிராயம் பற்றித் தமக்குக் கவலையில்லை என்றும், அவர்களது உயிரைப் பற்றியோ தம்மைப் பற்றிய அவர்களது எண்ணத்தைப் பற்றியோ இனி யோசிக்க முடியாது என்றும் அதில் அவர் கூறினார். இதில் வசைச் சொல் ஒன்றும் இல்லை. ஒரு நாட்டின் தலைவர், தம் குடிமக்களில் ஒரு பகுதியினரைக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார்; அவ்வளவுதான். இரண்டு வாரங்களில் கொழும்பு எரிந்தது. ஜூலை 26இல் நெருப்பு கண்டிக்கும் வந்தது. 28ஆம் திகதி அவர் தொலைக்காட்சியில் தோன்றினார். கொல்லப்பட்ட தமிழருக்காக ஓர் அனுதாபச் சொல்லும் அவ்வுரையில் இருக்கவில்லை. அதில் அவர் சிங்கள மக்களின் மனக்குறையைப் பற்றியும் பிரிவினையைத் தடைசெய்யும் சட்டத்தைப் பற்றியுமே பேசினார். செவ்வியும் தொலைக்காட்சி உரையும் ஒரே வாக்கியத்தின் இரு பாதிகள் என்றே கொள்ளலாம்.

நமக்கு இது புதிதன்று. 1915 மே மாத இறுதியில் வெசாக் இரவொன்றில், கண்டி காஸல் ஹில் வீதியில் பள்ளிவாசல் அருகே தொடங்கிய கலவரம் நம் பாட்டன்மாரின் கடைகளை நாடு முழுவதும் சூறையாடியது. அது பற்றி அநகாரிக தர்மபால எழுதிய கடிதம் பிரசித்தமானது. அதில் முஸ்லிம்களை அந்நியர் என்று குறிப்பிட்டு, ஷேக்ஸ்பியரின் ஷைலொக்கை உவமையாக்குகிறார். இலக்கிய மாணவன் இவ்விடத்தில் சற்றுத் தரித்து நிற்கவேண்டும். ஷைலொக் கண்டியில் பிறந்தவனல்லன். யூதனை இளப்பமாகப் பார்த்த கிறிஸ்தவ ஐரோப்பாவில் உருவான பாத்திரம் அது. மிஷன் பாடசாலைகளில் படித்த ஒரு பௌத்தர், கிறிஸ்தவரின் பழைய இளப்பத்தை இரவல் வாங்கி முஸ்லிம்கள்மீது போர்த்துகிறார். இளப்பத்துக்குச் சொந்த மொழி இல்லை, எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளும். ஆகவே இளப்பத்துக்கு ஒரு கிறிஸ்தவ மறுமொழி என்று நான் பேசும்போது, கிறிஸ்தவம் இதில் கறைபடாதது என்ற பொருளில் பேசவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

*

ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க கண்டிக்கு அந்நியரல்லர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ மாணவர்களுக்கான குருவாகப் பணியாற்றியவர். 1962இல் குருநாகல் அங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் ஆயரானார். கண்டி நகரும் அம்மறைமாவட்டத்துக்குள் அடங்குவதே. 1971இல் தோன்றிய சிவில் உரிமைகள் இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். 1983 ஜூலையில் அவர் நாட்டில் இருக்கவில்லை. திரும்பிவந்து, யாழ்ப்பாணம் சென்று, அதன் பின்னரே தமது மன்றத்தின் முன் பேசினார். இருதய நோயாளியான அவர் அடுத்த சில வாரங்களில், ஒக்டோபர் 23ஆம் திகதி, தமது ஐம்பத்தாறாவது வயதில் காலமானார்.

அவர் எந்த இடத்திலிருந்து பேசினார் என்பதும் கவனத்திற்குரியது. அவருடைய மூத்த சகோதரர் எஸ்மன்டின் மகன் ரணில் விக்கிரமசிங்க அன்றைய அரசாங்கத்தில் கல்வி அமைச்சர். அதாவது, ஆயர் விமர்சித்த அதிகாரம் எங்கோ தூரத்தில் இருந்த ஒன்றல்ல; அவருடைய குடும்ப மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தது.

உரையின் சாரம் இது. நடந்தது ஓர் ஒழுக்கக் குற்றம். எந்த மனக்குறையாலும் அதனை நியாயப்படுத்த முடியாது. சிங்களவரின் அச்சங்களை அவர் மறைக்கவில்லை, தமிழ் ஆயுதக் குழுக்களின் வன்முறையையும் மறைக்கவில்லை. ஆனால் இவற்றில் எதனையும் சமாதானமாக்கிக்கொள்ள அவர் இடம்தரவில்லை. கொலை செய்தவர்களும் தீ வைத்தவர்களும் வேறு சிங்களவர்களாயிருந்தாலும், சிங்களவர் என்ற வகையில் நாம் வெட்கப்பட வேண்டும். அநியாயமாகப் பாதிக்கப்பட்ட தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டும் என்றார்.

நான் இதனை ஆங்கிலத்திலேயே வாசித்தேன். பின்னர் இந்தப் பத்திரிகைக்காகச் சில பகுதிகளைத் தமிழாக்க முயன்றபோது முதல் வரிகளிலேயே தடுக்கி விழுந்தேன். ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். சிங்களத்தின் 'அபி'யும் அப்படியே. தமிழில் 'நாம்' உண்டு, 'நாங்கள்' உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். கேட்பவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். "சிங்களவராகிய நாம் வெட்கப்பட வேண்டும்" என்று எழுதுவதா, "சிங்களவராகிய நாங்கள்" என்று எழுதுவதா?

அம்மறைமாவட்டத்தில் சிங்களச் சபைகளும் இருந்தன, தமிழ்ச் சபைகளும் இருந்தன. ஆயரின் வாக்கியம் சிங்களவர் காதில் 'நாம்' என்று விழுந்திருக்கும். நீயும் நானும் சேர்ந்தே இதற்குப் பொறுப்பு, நழுவாதே என்பது அதன் பொருள். தமிழர் காதில் அதே வாக்கியம் 'நாங்கள்' என்று விழுந்திருக்கும். இந்தப் பாரத்தை உங்கள்மீது ஏற்றவில்லை, இது எங்களுடையது என்பது அதன் பொருள். ஒரு சொல் இரண்டு திசைகளிலும் நேர்மையாக நிற்கிறது. இனங்களை இணைக்கும் உரைகளில் நாம் வழக்கமாகக் கேட்பது 'நாம் எல்லோரும் ஒரு தாய் மக்கள்' என்னும் வகைப் பொது 'நாம்'. அதில் அடித்தவனும் அடிபட்டவனும் கலந்து போவார்கள். எவரும் பொறுப்பேற்கத் தேவையில்லை. ஆயர் அந்தச் சுலபமான 'நாம்' என்பதைத் தவிர்த்தார் என்பதே அவ்வுரையின் பலம் என்பது என் கணிப்பு.

இதிலிருந்து நான் பெறும் கருத்து இதுதான். இளப்பத்துக்கு இளப்பத்தால் பதில் சொல்வது எல்லோருக்கும் தெரியும். "மோட்டுச் சிங்களவன்" என்று நாம் கடைக்குள் முணுமுணுப்பதும் அவ்வகைப் பதிலே. பாதிக்கப்பட்டவன் பொறுமையாயிருந்து மன்னிப்பது இன்னொரு வகை. அது உயர்ந்ததுதான், ஆனால் பாரம் முழுவதையும் அடிபட்டவன் தலையிலேயே வைக்கிறது. ஆயர் காட்டியது மூன்றாவது வழி. இளப்பம் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியதோ அந்தப் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் எழுந்து, தம்மவரைப் பார்த்து, தன்மைப் பன்மையில் பேசுவது.

டிரினிட்டி கல்லூரித் தேவாலயத்தில் டேவிட் பெய்ன்டர் வரைந்த சுவரோவியங்கள் நான்கு உண்டு. கருங்கல் தூண்களோடு, கண்டி இராசதானியின் கட்டட மரபில் எழுப்பப்பட்ட ஆலயம் அது. உருவமில்லாத தொழுகையிடங்களில் வளர்ந்த எனக்கு அங்கு நிற்பது சற்றுக் கூச்சமாகவே இருந்தது. ஓவியங்களில் ஒன்று, ஈஸா நபியவர்கள் தம் சீடர்களின் கால்களைக் கழுவுவதைச் சித்திரிப்பது. மற்றொன்று நல்ல சமாரியன் கதை. யூதர்களால் இளப்பமாகப் பார்க்கப்பட்ட ஒரு சமாரியனே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவினான் என்று, யூதர்களிடமே சொல்லப்பட்ட கதை அது. அங்கும் பேச்சு தம்மவரை நோக்கியதே. ஆயரின் உரை எங்கிருந்து வந்தது என்பது இவ்வோவியங்களின் முன் நின்றபோது எனக்கு விளங்கியது.

*

இவ்வுரைக்கு வரையறைகள் இல்லாமலில்லை. அது ஒரு சிறு திருச்சபையின் மன்றத்தில் நிகழ்ந்தது. அரசியல் அதனைக் காதில் வாங்கவில்லை. போர் பின்னும் இருபத்தாறு ஆண்டுகள் நீடித்தது. மேலும், ஒரு மனிதரின் துணிவை வைத்து எல்லாக் கிறிஸ்தவ மறுமொழிகளையும் அளந்துவிட முடியாது.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் நம் பெயர்களைத் தாங்கியவர்கள். அப்போது கர்தினால் மல்கம் ரஞ்சித், பழிவாங்க வேண்டாம் என்று தம் மக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். அச்சொல்லால் தப்பிய உயிர்கள் நம்முடையவை. இதனை மறப்பது நன்றிகேடு. ஆனால் அதே ஆண்டு மே 31ஆம் திகதி முதல், முஸ்லிம் ஆளுநர்கள் இருவரையும் அமைச்சர் ஒருவரையும் நீக்கக் கோரி அத்துரலியே ரத்தன தேரர் கண்டி தலதா மாளிகையின் முன் உண்ணாவிரதம் இருந்தபோது, ஜூன் 3இல் கர்தினால் அங்கு சென்று அவரைச் சந்தித்தார். அன்றைய தினமே ஆளுநர்கள் இருவரும் விலக, முஸ்லிம் அமைச்சர்கள் ஒன்பது பேரும் பதவி துறந்தனர். தம் மக்களின் கையைப் பிடித்து நிறுத்தியவர், இன்னொரு கூட்டத்தின் இளப்பத்துக்கு அருகில் போய் நின்றதாகவே கண்டி முஸ்லிம்கள் அதனைக் கண்டனர். துயருற்ற ஒரு சமூகத்தின் தலைவருக்கு அன்றிருந்த நெருக்குதலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் பழிவாங்காதே என்பதும் இளப்பம் செய்யாதே என்பதும் இரு வேறு கட்டளைகள் என்பதையும், முதலாவதை நிறைவேற்றியவருக்கும் இரண்டாவது எஞ்சியிருக்கும் என்பதையும் அந்நாள் காட்டியது.

இவ்விடத்தில் வாசக நண்பர் ஒருவர் குறுக்கிடலாம். "நாங்களும் மன்னிப்புக் கேட்டோமே? ஜம்இய்யத்துல் உலமா அந்தக் கொலைகாரரின் உடல்களைக்கூட ஏற்க மறுத்ததே? இன்னும் எத்தனை முறை வெட்கப்படுவது?" நியாயமான கேள்வி. ஆயரின் வெட்கம் எவரும் கேளாமலே பெரும்பான்மையிலிருந்து வந்தது. நம்மிடம் கேட்கப்பட்ட மன்னிப்போ, பஸ்ஸில் சக பயணி முதல் பாடசாலை வாயில் காவலாளி வரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு முஸ்லிமிடமும் வசூலித்த வரி. வசூலிக்கப்பட்ட வெட்கமும் மனமுவந்து ஏற்ற வெட்கமும் சமமாகா.

ஆனால் வசூலிப்புக்கு எதிரான நமது கோபம் நம்மை ஒரு கேள்வியிலிருந்து தப்பவைத்துவிட்டது. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சஹ்ரானின் குழு முதலில் தாக்கியது யாரை? சூஃபி வழியைச் சேர்ந்த முஸ்லிம்களை. 2018 டிசம்பரில் கண்டி வீதியில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. தேவாலயங்களுக்கு முன்னர் இவை நடந்தன. மாற்றுக் கருத்துடையவனை வழிகேடன் என்று எள்ளிய பயான்களை, நம்மில் பலர் சிரித்தபடி ஒலிநாடாவிலும் பிறகு கைபேசியிலும் கேட்டோம். மார்க்க விவாதம்தானே என்று இருந்தோம். அந்தச் சிரிப்பைப் பற்றி நம் சிறுகதை எதுவும் எழுதப்பட்டிருக்கிறதா?

*

அருகிலிருக்கும் இன்னொரு சொல்லுக்கு வருகிறேன். 'தோட்டக்காட்டான்'. யாழ்ப்பாணத்தாருக்கு மட்டும் உரிய சொல்லன்று அது. கண்டியிலும் கம்பளையிலும் மாத்தளையிலும் நம் கடைகளில், தேயிலைத் தோட்டத்து மக்களிடம் பணம் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டே நாமும் சொன்னோம். அம்மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில், கண்டி மாவட்டத்துக் கலகெதரவில் பிறந்த டி.பி. ஜாயாவும் தொழில் அமைச்சராய் இருந்தார். முஸ்லிம் கல்விக்கு அவர் செய்த தொண்டு அளப்பரியது. அவரைப் பற்றிய நமது நூற்றாண்டு மலர்களும் நினைவுரைகளும் இந்த ஓர் இடத்தை மட்டும் மெல்லக் கடந்து போய்விடும்.

ஜூலை 26இன் பின்னர் எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரம். எனக்குப் பதினான்கு வயது. வாப்பாவின் கடையில் மூட்டை தூக்கியவர் தோட்டத்துத் தமிழர். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். என்னைச் "சின்ன முதலாளி" என்பார். நான் அவரைப் பெயர் சொல்லி "டேய்" என்பேன். கடைத்தெரு எரிந்தபோது வாப்பா அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து ஆறு நாள் ஒளித்து வைத்தார். கதவைத் தட்டிய கூட்டத்திடம், உள்ளே பெண்பிள்ளைகள்தான் இருக்கிறார்கள் என்று சொல்லி நின்றார். வாப்பாவின் அந்தத் துணிவை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாத பகுதி ஒன்று உண்டு. அந்த ஆறு நாளும் அவர் அடுப்படிக்குப் பின்னால்தான் சாப்பிட்டார். ஓரம் பொரிந்த ஓர் எனாமல் கோப்பை அவருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதனைக் கழுவி மற்றவற்றோடு வைக்காமல் கிணற்றடியில் கவிழ்த்து வைப்பது என் வேலை. நாமோ ஒரே சஹனில் நாலைந்து பேர் சேர்ந்து உண்கிறவர்கள். அதைக் காட்டி நம் மார்க்கத்தின் சமத்துவத்தைப் பிற மதத்தவரிடம் பெருமையாய்ப் பேசுகிறவர்கள். அவருடைய உயிரைக் காத்தோம், உண்மை. அவரை மதித்தோமா என்று எவரும் எங்களைக் கேட்கவில்லை. ஆறாம் நாள் போகும்போது அவர் வாப்பாவின் கையைப் பிடித்து அழுதார். கோப்பையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்வார்?

ஒரு சமூகத்தார் இன்னொரு சமூகத்தாரைப் பரிகசிக்கலாகாது, அவர்கள் இவர்களிலும் மேலானோராய் இருக்கக்கூடும் என்ற கட்டளை அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் இருக்கிறது. பெருமை என்பது நல்ல உடை உடுப்பதல்ல, உண்மையைத் தள்ளுவதும் மனிதரை அற்பமாக எண்ணுவதுமே என்று நபிகளார் (ஸல்) விளக்கிய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. ஆகவே ஆயரிடமிருந்து நான் புதிய மார்க்கம் எதையும் கற்கவில்லை. நம்மிடம் இருக்கும் கட்டளையை எந்த இலக்கணத்தில் நிறைவேற்றுவது என்பதைக் கற்றேன். நாம் அந்த வசனத்தை மற்றவர்களுக்கு ஓதிக்காட்டுகிறோம். அவரோ தம் வேதத்தைத் தம்மவர் முன் திறந்தார்.

கண்டியில் இதனை வாழ்ந்து காட்ட முயன்றவரும் இருந்தார். இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 1972இல் இங்கு சத்தியோதய நிலையத்தைத் தொடங்கி, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கூரையின்கீழ் வாழ வழிசெய்தார். 2017இல் மறையும் வரை தோட்டத்து மக்களுக்காக எழுதியும் உழைத்தும் வந்தார். அவரைப் பற்றி நம் ஏடுகளில் நான் வாசித்தது மிகச் சொற்பம்.

நம் இலக்கியத்தில் இந்த வழிக்கு முன்னுதாரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது எம்.ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை'யை நினைத்துப் பாருங்கள். எரித்தவர்களின் மதத்தை அக்கவிதை எள்ளவில்லை. அங்கே கொல்லப்படுபவரே புத்தர்தான். இளப்பத்தின் வாயிலில் நின்றும் உள்ளே போகாத கவிதை அது. ஆனால் அதுவும் பிறர் செய்த குற்றத்தைப் பற்றியது. நாம் செய்ததைப் பற்றி அதே கண்ணியத்தோடு எழுதுவது இன்னும் பாக்கியிருக்கிறது.

திகனவை எழுதவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் எழுதவேண்டும். அதனோடு கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்த கோப்பையையும் எழுதவேண்டும். எழுதும்போது 'நாம்' என்று தொடங்குவதா, 'நாங்கள்' என்று தொடங்குவதா என்பது, யாருக்காக எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. தோட்டத்து வாசகர் ஒருவர் கையில் இந்தப் பத்திரிகை கிடைக்குமாயின், அவருக்காக இதனை இப்படி மாற்றி எழுதுகிறேன்: நாங்கள் உங்களை இளப்பமாகப் பார்த்தோம்.